அலாட்மென்ட் வெங்காயம்: மார்ச்சில் நட்டு அடுத்த மார்ச் வரை வைத்துச் சாப்பிட முடியுமா?

பாதித்துண்டு | ஸ்லவ் | 9 பிப்ரவரி

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் எங்களுக்கு இங்கே இங்கிலாந்தில் அலாட்மென்ட்டில், அதாவது காய்கறி போட வாடகைக்கு விடும் பொதுத் தோட்ட நிலத்தில், அரைத் துண்டு கிடைத்தது. 5 ராடு, அதாவது 125 சதுர மீட்டர் சொச்சம். களி கலந்த மண். முன்பு வைத்திருந்தவர் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டிருக்கிறார். மற்ற காய்கள் எப்படி வந்தாலும் சரி, வெங்காயம் மட்டும் கடையில் வாங்கக் கூடாது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். அம்மாவும் கூட இருக்கிறார், மூன்று வேளையும் நம்மூர்ச் சமையல்தான். வாரத்துக்கு 2 கிலோ ஆகிறது.

எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்? தமிழ்க் கடையில் விற்கும் சின்ன வெங்காயத்தையே மார்ச்சில் ஊன்றினால் வருமா? அம்மாவுக்கு அதுதான் வேண்டும். அப்புறம், பக்கத்துத் துண்டுக்காரருக்கு ஒவ்வொரு வருடமும் காய் நன்றாக வருகிறதாம், ஆனால் அக்டோபர் தாண்டுவதற்குள் பாதி அழுகிவிடுகிறதாம். எடுத்ததை எப்படி வைப்பது?

வலிகாமத்தான் | ஹாரோ | 9 பிப்ரவரி

தம்பி, வாழ்த்துகள். இடக் கணக்கு சொல்கிறேன். வாரம் 2 கிலோ என்றால் வருடத்துக்கு 100 கிலோ. வரிசைக்கு வரிசை 25 செ.மீ., வரிசைக்குள் 10 செ.மீ. விட்டு நட்டால் சதுர மீட்டருக்கு 40 செடி நிற்கும். காய் 100 கிராம் என்றாலும் 4 கிலோ. புறா பிடுங்கியது, பூத்தண்டு விட்டது, அழுகியது எல்லாம் கழித்து 3 கிலோ என்று வையுங்கள். ஆக 33 சதுர மீட்டர், உங்கள் துண்டில் கால்வாசி. இது நல்ல அளவு. வெங்காயம், பூண்டு, லீக் எல்லாம் ஒரே குடும்பம், போட்ட இடத்திலேயே அடுத்த வருடமும் போடக் கூடாது. கால்வாசி கால்வாசியாகச் சுற்றி வந்தால் நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் அதே இடத்துக்குத் திரும்புவீர்கள்.

அழுகலைப் பற்றி. வெங்காயத்தை எடுத்த பிறகுதான் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். காய் எத்தனை மாதம் இருக்கும் என்பதை மே, ஜூன், ஜூலையில் பாத்தியில் நாம் செய்வதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கொட்டிலுக்கு வரும்போது முக்கால்வாசி முடிந்த கதை. பக்கத்துத் துண்டுக்காரர் ஜூன் மாதத்தில் என்ன உரம் போடுகிறார், ஜூலையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார் என்று பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

சின்ன வெங்காயக் கேள்விக்கு கிளாஸ்கோ அக்கா வருவார்.

கிளாஸ்கோ_கீரை | கிளாஸ்கோ | 10 பிப்ரவரி

வந்துவிட்டேன் அண்ணா. 😊

வெங்காயம் காய் கட்டத் தொடங்குவது முக்கியமாகப் பகல் நீளத்தைப் பார்த்துத்தான். வெப்பமும் சேரும், ஆனால் முதல் சைகை வெளிச்ச நேரம். நம்மூர் வெங்காயத்துக்குப் பகல் 11, 12 மணி நேரம் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிட அளவுதான், சென்னையில் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. அந்த வெளிச்சத்துக்குப் பழகிய இனம் அது. இங்கே ஐரோப்பிய இனங்கள் 14 முதல் 16 மணி நேரம் வரும்வரை காய் கட்டாமல் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும்.

மார்ச் 20 தேதிக்கெல்லாம் லண்டனில் பகல் 12 மணி தாண்டிவிடும். கடைச் சின்ன வெங்காயத்தை அப்போது ஊன்றினால், முளைத்து மூன்று நான்கு தாள் விடுவதற்குள் காய் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. நாம் சாப்பிடும் ஒவ்வொரு அடுக்கும் ஒரு தாளின் அடிப்பாகம். நாலு தாளுக்கு நாலு அடுக்குதான் கிடைக்கும். சுண்டைக்காய் அளவில் ஒரு கொத்து வரும், அவ்வளவுதான்.

இதே கணக்கு பெரிய வெங்காயத்துக்கும் உண்டு, எதிர்ப்பக்கமாக. லண்டனில் ஏப்ரல் 20 வாக்கில் பகல் 14 மணியைத் தொடும், மே 24 வாக்கில் 16 மணி. அதற்குள் எத்தனை தாள் வந்திருக்கிறதோ, அதுதான் உங்கள் அறுவடை. ஏப்ரல் கடைசியில் நட்டுவிட்டு ஜூலையில் உரம் கொட்டிப் பிரயோசனம் இல்லை. எங்கள் ஊரில் ஜூனில் பதினேழரை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் மண் சூடாவது தாமதம். அதனால் இங்கே வீட்டுக்குள் விதை போட்டுத் தாள் எண்ணிக்கையை முன்கூட்டியே சேர்த்துக்கொள்கிறோம்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 10 பிப்ரவரி

அக்கா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. அப்படியானால் அம்மாவின் சாம்பாருக்கு வழியே இல்லையா?

வலிகாமத்தான் | ஹாரோ | 10 பிப்ரவரி

இருக்கிறது. ஷாலட். நம்முடைய சின்ன வெங்காயமும் ஷாலட்டும் ஒரே வகைக்குள் வருபவை, ஒன்று ஊன்றினால் கொத்தாகப் பிரியும். ஆனால் இங்கே நடவுக்கு விற்கும் ஷாலட் இந்த நாட்டு வெளிச்சத்துக்கு ஏற்ற இனங்கள். ‘ரெட் சன்’ வாங்குங்கள், உருண்டை, செம்பழுப்புத் தோல், உள்ளே இளஞ்சிவப்பு. ‘லாங்கர்’ நீளமாக வரும், உரிக்கச் சுலபம், ஆனால் சாம்பாரில் முழுதாகப் போட ‘ரெட் சன்’தான் வடிவு. ஊரில் நாங்கள் நட்ட வேதாளன் வெங்காயத்தின் காரம் இதில் கிடையாது, அதை நான் மறைக்க மாட்டேன். வதக்கும்போது வரும் இனிப்பு கிட்டத்தட்ட வந்துவிடும்.

மிகக் குறுகிய நாளில் நட்டு மிக நீண்ட நாளில் எடு என்று ஷாலட்டுக்கு இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். களிமண்ணில் டிசம்பரில் நடாதீர்கள், ஈரத்தில் அழுகும். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் போதும். 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள், கொத்து விரிய இடம் வேண்டும். ஜூலையில் எடுக்கலாம். நன்றாகக் காய்ந்த ஷாலட், பெரிய வெங்காயத்தைவிட நெடுநாள் இருக்கும்.

மூன்றாம்_துண்டு | கிழக்கு லண்டன் | 11 பிப்ரவரி

பகல் நீளம் சரிப்பட்டு வந்தாலுமே, கடையில் சாப்பிட வாங்கிய வெங்காயத்தையோ பூண்டையோ அலாட்மென்ட் மண்ணில் தயவுசெய்து ஊன்றாதீர்கள். நான் இதை ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

வெள்ளை அழுகல் என்று ஒரு பூஞ்சை. ஜூன் வாக்கில் தாள் மஞ்சளாகித் தளரும். தண்ணீர் போதவில்லை என்று தோன்றும். செடியைப் பிடுங்கினால் அடியில் வெள்ளைப் பஞ்சு, அதன் நடுவே கசகசா அளவில் கறுப்பு மணிகள். அந்த மணிகள் மண்ணில் 15, 20 வருடம் உயிரோடு கிடக்கும். வெங்காயம் நட்டால் வேரிலிருந்து கசியும் வாசனைப் பொருள் அதைத் தட்டி எழுப்பும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதற்கு மருந்தே கிடையாது. அதனால் நாலு வருடச் சுழற்சியெல்லாம் இதற்குப் பத்தாது. சுழற்சி மற்ற நோய்களுக்காக.

எங்கள் அலாட்மென்ட்டில் பாதித் துண்டுகளுக்கு மேல் இது இருக்கிறது. பூட்ஸ் மண்ணில், கடன் வாங்கிய மண் கிளறும் முள்கரண்டியில், இலவசமாகக் கொடுத்த நாற்றில் பரவும். உணவுக்கு விற்கும் காயை நடவுப் பொருளாக யாரும் சோதிப்பதில்லை. ஷாலட், பூண்டு, வெங்காயம் எதுவானாலும் நடவுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள்.

பக்கத்துத் துண்டுக்காரருக்கு அழுகுவது எங்கே என்று கேளுங்கள். பாத்தியில் அடிப்பக்கம் அழுகினால் இது. எடுத்து வைத்த பிறகு கழுத்துப் பக்கம் மெத்தென்று ஆனால் அது வேறு நோய்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 11 பிப்ரவரி

கேட்டேன். கழுத்துப் பக்கம்தானாம், வைத்த பிறகு. நிம்மதி. கடை வெங்காயத் திட்டத்தை விட்டுவிட்டோம். ‘ரெட் சன்’ சொல்லியாயிற்று.

பெரிய வெங்காயத்துக்கு செட் வாங்கவா, விதை போடவா?

நாற்றங்கால் | லெஸ்டர் | 12 பிப்ரவரி

விதை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

செட் என்பது போன வருடம் நெருக்கமாக விதைத்து, சின்னதாகவே நிறுத்தி எடுத்த காய். அதாவது அது தன் இரண்டாவது வருடத்தில் இருக்கிறது. வெங்காயம் இரண்டாவது வருடம் பூக்கும் செடி. வசந்தத்தில் ஒரு குளிர் அலை வந்தால் குளிர்காலம் கழிந்தது என்று எடுத்துக்கொண்டு பூத்தண்டு விட்டுவிடும். பூத்தண்டு விட்ட காயின் நடுவில் கட்டைத்தண்டு, அதை வைக்க முடியாது. விதையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலையும் குறைவு, இனமும் அதிகம், மண்ணிலிருந்து வரும் நோயும் ஒட்டி வராது.

இங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விதைப்பது பழைய வழக்கம். அது கண்காட்சிக்குப் பெரிய காய் வளர்ப்பவர்களுக்கு. 2023 ஹாரோகேட் இலையுதிர்காலக் கண்காட்சியில் 8.97 கிலோ வெங்காயம் உலக சாதனையாக எடை போடப்பட்டது. பார்க்க அருமைதான், ஆனால் அந்த ரகங்கள் நெடுநாள் வைத்திருக்க ஆகாது. சமையலுக்கு பிப்ரவரி நடு வரை விதைக்கலாம். ஒரு குழிக்கு 5, 6 விதை, பிரிக்காமல் கொத்தாகவே ஏப்ரலில் 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். சாமர்செட்டில் மண்ணைக் கிண்டாமல் பயிர் செய்யும் சார்ல்ஸ் டவுடிங் இந்த முறையை நிறையப் பரப்பியிருக்கிறார். ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு உருண்டையாகவே வரும், நடுத்தர அளவில். நடுத்தரக் காய்தான் நன்றாக நிற்கும்.

விதை மட்டும் அந்தந்த வருடத்துப் புதியது வேண்டும். வெங்காய விதையின் முளைப்புத்திறன் ஓரிரு வருடத்தில் விழுந்துவிடும்.

வலிகாமத்தான் | ஹாரோ | 12 பிப்ரவரி

லெஸ்டர்க்காரர் சொல்வதில் தவறில்லை, ஆனால் புதிதாகத் துண்டு எடுத்தவருக்கு செட்தான் நல்லது. விதை நாற்றுக்கு பிப்ரவரி, மார்ச் முழுக்க வெளிச்சமான ஜன்னல் வேண்டும், தினமும் பார்க்க ஆள் வேண்டும். புதுத் துண்டில் அந்த நேரத்தில் புல்லும் கோரையும் எடுக்கவே பொழுது போகும். செட்டுக்கு உள்ளேயே சாப்பாடு இருக்கிறது, முளைத்த வேகத்தில் களையை முந்தும்.

பூத்தண்டுக்கு வழி இருக்கிறது. வெப்பத்தில் வைத்துப் பூக்கருவை அடக்கிய செட் விற்கிறார்கள். கொஞ்சம் விலை கூட, மார்ச் கடைசியில்தான் வரும். சிவப்பு இனத்துக்கு கட்டாயம் அதை வாங்குங்கள், ‘ரெட் பேரன்’ சாதாரண செட்டில் பூத்தண்டு விடுவது அதிகம். மஞ்சளில் ‘ஸ்டூரான்’. பெரிய செட்டாகப் பொறுக்காதீர்கள், கோலிக்குண்டு அளவு போதும், பெருத்ததுதான் முதலில் பூக்கும்.

கிளாஸ்கோ_கீரை | கிளாஸ்கோ | 12 பிப்ரவரி

வடக்கே அடிச்சாம்பல் நோய் பெரிய தலைவலி. மழைக் கோடையில் தாளில் சாம்பல் ஊதாப் பொடி படர்ந்து, மேலிருந்து காய்ந்துவரும். விதை போடுகிறவர்களுக்கு ‘சான்டேரோ’, ‘ஹைலேண்டர்’ என்று அதை எதிர்க்கும் இனங்கள் இருக்கின்றன. ஸ்லவில் செட்டே போடுங்கள். அண்ணா சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 6 ஏப்ரல்

‘ஸ்டூரான்’ முக்கால், ‘ரெட் பேரன்’ கால், போன வாரம் நட்டோம். இன்று போனால் ஒரு வரிசை முழுக்க மண்ணுக்கு மேல் கிடக்கிறது. திருடன் யார்?

மூன்றாம்_துண்டு | கிழக்கு லண்டன் | 6 ஏப்ரல்

கரும்பறவையோ புறாவோ. செட்டின் காய்ந்த நுனியைப் புழு என்றோ கூட்டுக்கு நார் என்றோ இழுக்கும். தொட்டுப் பார்த்து, வேர் விட்டிருந்தால் அழுத்தித் திணிக்காதீர்கள், வேர் முறியும். சின்னக் கரண்டியால் குழி தோண்டி மறுபடி வையுங்கள். நுனி மண் மட்டத்தில் இருக்கட்டும், மேலே வலை போடுங்கள்.

வலை போடுகிறீர்கள் என்றால் பூச்சி புகாத நெருக்கமான வலையாகப் போடுங்கள். தாளுக்குள் சுரங்கம் தோண்டும் ஈ ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் 2002 இல்தான் முதலில் கண்டார்கள், வூல்வர்ஹாம்ப்டன் பக்கம். இப்போது தெற்கே எங்கும் உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒரு தலைமுறை, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. தாளில் வரிசையாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டையிட வந்துவிட்டது. லீக்கும் பூண்டும் அதிகம் அடி வாங்கும், வெங்காயமும் தப்பாது.

வலிகாமத்தான் | ஹாரோ | 19 மே

எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல். இந்த நாலைந்து வாரம் களையை விட்டீர்கள் என்றால் இந்த வருட வெங்காயம் போனது போனதுதான். பூசணி தன் இலையால் நிலத்தை மூடிக் களையை அடக்கும். வெங்காயத் தாள் நிழலே தராது. வேரும் மேலாகவே ஓடும், களையோடு போட்டி போடத் தெரியாத பயிர். கைக்கொத்தால் மேலாகச் சுரண்டுங்கள், காயை ஒட்டி இருப்பதைக் கையால் எடுங்கள். ஊரில் அம்மா, சின்னம்மா எல்லாரும் குந்தி இருந்து இதைத்தான் செய்வார்கள். வெங்காயத் தோட்டத்தில் பெண்களின் முதுகு உழைத்த உழைப்பைப் பேச வேறு ஒரு இழை வேண்டும்.

தழைச்சத்து உரம் இனி வேண்டாம். கோழி எரு உருண்டை போட வேண்டியவர்கள் ஏப்ரலிலேயே போட்டிருப்பார்கள். இனிப் போட்டால் தாள் கரும்பச்சையாகத் தழைக்கும், கழுத்து தடிக்கும், தடித்த கழுத்து ஆகஸ்டில் காயாது. காயாத கழுத்து வழியாகத்தான் அழுகல் உள்ளே போகிறது.

பாதித்துண்டு | ஸ்லவ் | 14 ஜூன்

அண்ணா சொன்னது போலவே பக்கத்துத் துண்டுக்காரர் இந்த வாரமும் குதிரைச் சாண உரக் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

சிவப்பில் சிலது பூத்தண்டு விட்டிருக்கிறது. ஒடித்துவிட்டால் காய் தேறுமா?

வலிகாமத்தான் | ஹாரோ | 14 ஜூன்

ஒடித்தால் பூவுக்குப் போகும் சக்தி கொஞ்சம் மிஞ்சும், ஆனால் வைக்கிற காய் ஆகாது. இப்போதே பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். மொட்டு விரியாத தண்டை எறியாதீர்கள், வெங்காயப்பூ வறை செய்யுங்கள், துருவிய தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு. இங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காத சாப்பாடு அது.

பாதித்துண்டு | ஸ்லவ் | 24 ஜூலை

காய் நன்றாகத் திரண்டிருக்கிறது. பத்து நாளாகத் தண்ணீர் நிறுத்தியாயிற்று. சிலது தாள் சாய்ந்திருக்கிறது, நிறைய இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது. தாளை எல்லாம் மடக்கிவிட்டால் சீக்கிரம் முதிரும் என்று இங்கே ஒரு பெரியவர் சொல்கிறார். செய்யலாமா?

நாற்றங்கால் | லெஸ்டர் | 24 ஜூலை

வேண்டாம். பழைய தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்தார்கள், இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. மடக்கினால் கழுத்தில் நசுங்கல் உண்டாகும், அந்தக் காயம் வழியாகக் கழுத்து அழுகல் பூஞ்சை இறங்கும். எடுக்கும்போது ஒன்றுமே தெரியாது, எட்டுப் பத்து வாரம் கழித்துக் கொட்டிலில்தான் தெரியும்.

பல்லடம்_பட்டறை | மில்டன் கீன்ஸ் | 24 ஜூலை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தாள் சாய்வதும் சாய்ப்பதும் ஊரில் பெரிய விஷயமே இல்லை. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் எடுக்கும்போது வெயில் இரண்டு மூன்று நாளில் தாளைச் சருகாக்கிவிடும். நசுங்கினாலும் காயம் ஈரமாக இருப்பதற்கு நேரமே கிடையாது.

நாற்றங்கால் | லெஸ்டர் | 24 ஜூலை

அது சரிதான் அண்ணா, வித்தியாசமே அந்த வெயில்தான். லெஸ்டரில் ஆகஸ்டில் ஒரு மழை வாரம் வந்தால் அந்தக் காயம் பத்து நாள் ஈரமாக நிற்கும். தானாகச் சாய்வது கழுத்துக்குள் இருக்கும் திசு தளர்ந்து காலியானதால். நாம் சாய்ப்பது உள்ளே சாறு ஓடிக்கொண்டிருக்கும்போது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

பல்லடம்_பட்டறை | மில்டன் கீன்ஸ் | 25 ஜூலை

ஒத்துக்கொள்கிறேன். இங்கே மடக்க வேண்டாம்.

வலிகாமத்தான் | ஹாரோ | 25 ஜூலை

தம்பி, பாதிக்கு மேல் தானாகச் சாய்ந்த பிறகு ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து, முள்கரண்டியைக் காய்க்கு அடியில் விட்டு லேசாகக் கிளப்புங்கள், வேர் அறுபடட்டும். சாய்ந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் மண்ணில் விடாதீர்கள். மழை பெய்தால் மறுபடி வேர் விடப் பார்க்கும், தோல் வெடிக்கும்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 9 ஆகஸ்ட்

எடுத்தாயிற்று! அம்மா ஒரு காயை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஷாலட் ஏற்கெனவே உள்ளே காய்கிறது. ஆனால் நாளை முதல் நாலு நாள் மழை என்கிறார்கள். இவ்வளவு காயையும் எங்கே காயவைப்பது?

மூன்றாம்_துண்டு | கிழக்கு லண்டன் | 9 ஆகஸ்ட்

மேலே கூரை இருக்க வேண்டும், நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும். ரொட்டிக் கடைப் பிளாஸ்டிக் தட்டுகள், கவிழ்த்த கிரேட், பழைய கட்டில் சட்டத்தில் கட்டிய கோழிக்கம்பி, எதுவானாலும் சரி. ஓர் அடுக்குத்தான், காய் மேல் காய் வேண்டாம். கிரீன்ஹவுஸ் இருந்தால் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து, மேலே நிழல்துணி போடுங்கள். நிழல் இல்லாமல் கண்ணாடிக்குள் வைத்தால் வெயில் நாளில் காயின் ஒரு பக்கம் வெந்து கூழாகும். தாளை இப்போது வெட்டாதீர்கள். அதில் மிச்சம் இருப்பது காய்க்குள் இறங்கட்டும்.

இரண்டு மூன்று வாரம் ஆகும். தோல் கையில் சலசலக்க வேண்டும். கழுத்தை விரலால் உருட்டினால் ஈரம் வழுக்கக் கூடாது. அது வரை பொறுமை.

வலிகாமத்தான் | ஹாரோ | 9 ஆகஸ்ட்

காயும்போதே தரம் பிரியுங்கள். தடித்த கழுத்து, வெட்டுப்பட்டது, தோல் உரிந்தது, இரட்டைக்காய் எல்லாம் சமையலறைக்கு. இவற்றை வைத்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நிறைய இருந்தால் வடகம் போடுங்கள். ஊரில் வெயிலில் காயவைப்போம், வேப்பம்பூவும் சேர்ப்போம். இங்கே டீஹைட்ரேட்டரில் 55 டிகிரியில் வைத்தால் நன்றாகவே வருகிறது.

பாதித்துண்டு | ஸ்லவ் | 31 ஆகஸ்ட்

தோல் சலசலக்கிறது. இனி எங்கே? வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் நல்ல அலமாரி இருக்கிறது, 18 டிகிரி. அலாட்மென்ட் ஷெட்டும் இருக்கிறது, குளிரும்.

பல்லடம்_பட்டறை | மில்டன் கீன்ஸ் | 31 ஆகஸ்ட்

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பட்டறை தெரியும்தானே? தரையிலிருந்து தூக்கிய மேடை, மூங்கிலோ குச்சியோ வைத்துக் கட்டிய பக்கச் சுவர், நாலு பக்கமும் காற்று, மேலே ஓலை. கோயம்புத்தூர்ப் பக்க வெக்கையில் சின்ன வெங்காயம் அதற்குள் மாதக்கணக்கில் முளைக்காமல் இருக்கும். இங்கே வந்து பார்த்தால் 2 டிகிரி குளிர் ஷெட்டிலும் முளைக்காமல் இருக்கிறது. எனக்கு இது புதிராகவே இருந்தது. படித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. வெங்காயத்தின் உறக்கத்தை இரண்டு முனையும் காப்பாற்றும். 0 முதல் 5 டிகிரி வரை ஒரு முனை, 25 முதல் 30 டிகிரி வரை மறுமுனை. இரண்டுக்கும் நடுவே, முக்கியமாக 10 முதல் 20 டிகிரியில்தான் வேகமாக முளைக்கும்.

உங்கள் சமையலறை அலமாரி சரியாக அந்த நடுவில் இருக்கிறது. வெங்காயத்துக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

பட்டறையின் மற்ற பாடம் அப்படியே இங்கும் செல்லும். தரையில் வைக்காதே, சுவரில் ஒட்டாதே, காற்று ஓட விடு. ஷெட் இரும்புத் தகடாக இருந்தால் கூரையில் வியர்த்துச் சொட்டும், அதற்குக் கீழே வைக்காதீர்கள்.

கிளாஸ்கோ_கீரை | கிளாஸ்கோ | 1 செப்டம்பர்

உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருளை ஈரம் விடும், அதற்கு இருட்டு வேண்டும், வெங்காயத்துக்கு வறட்சி வேண்டும். கடும் உறைபனி இரவில் மேலே ஒரு பழைய போர்வை போடுங்கள். உறைந்துவிட்டால் தொடாதீர்கள், தானாக இளகும்வரை விட்டால் பல காய்கள் பிழைக்கும். உறைந்த நிலையில் உருட்டினால் கூழ்தான்.

நாற்றங்கால் | லெஸ்டர் | 1 செப்டம்பர்

சரம் கட்டிப் பாருங்கள். இரண்டாக மடித்த கயிற்றைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டு, அடியில் முடிச்சு. முதல் காயின் காய்ந்த தாளை அந்த வளையத்தில் கோத்து இறுக்குங்கள். அடுத்த காயின் தாளை இரண்டு கயிற்றுக்கும் இடையில் எட்டு வடிவில் சுற்றிக் கீழே தள்ளுங்கள். அப்படியே சுற்றிச் சுற்றி மேலே போகலாம். ஒவ்வொரு காயையும் காற்று சூழ்ந்திருக்கும், கெட்டது உடனே கண்ணில் படும். பிரிட்டனியின் ரோஸ்கோஃப் ஊர்க்காரர்கள் 1828 இலிருந்து இப்படிச் சரம் சரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இங்கே வீடு வீடாக விற்றிருக்கிறார்கள்.

வலிகாமத்தான் | ஹாரோ | 1 செப்டம்பர்

எங்களுக்கும் அது புதிதில்லை. விதை வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிடுவோம். அடுத்த போகம் வரை அங்கேதான்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 11 ஜனவரி

புத்தாண்டு வாழ்த்துகள். ‘ஸ்டூரான்’ கல்லு மாதிரி இருக்கிறது. சிவப்பில் சிலது பச்சை முனை காட்டத் தொடங்கிவிட்டது. கடையில் வாங்கும் வெங்காயம் மட்டும் எப்படி ஜூன் வரை முளைக்காமல் இருக்கிறது?

கிளாஸ்கோ_கீரை | கிளாஸ்கோ | 11 ஜனவரி

பெரிய பண்ணைகளில் எடுப்பதற்குச் சில வாரம் முன்பு, தாள் பச்சையாக இருக்கும்போதே மாலெயிக் ஹைட்ரசைட் தெளிப்பது வழக்கம். அது உள்ளே இருக்கும் குருத்தை வளரவிடாது. பிறகு வெப்பக் காற்றில் காயவைத்து, குளிர் கிடங்கில் ஆக்ஸிஜனைக் குறைத்து வைப்பார்கள். நம் காயில் அது எதுவும் இல்லை. ஜனவரியில் சிவப்பு முளை காட்டுவது இயல்புதான். சிவப்பை முதலில் முடியுங்கள், அப்புறம் மஞ்சள், கடைசியில் ஷாலட். முளைத்ததை எறிய வேண்டாம், இரண்டாக வெட்டி நடுக்குருத்தையும் சேர்த்தே பொரியலில் போடலாம்.

பாதித்துண்டு | ஸ்லவ் | 12 ஜனவரி

அப்படியே செய்கிறோம் அக்கா. இந்த முறை பக்கத்துத் துண்டுக்காரரே வந்து எந்த செட் வாங்குவது என்று கேட்டார். மிஞ்சியதைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாமா, விதிமுறையில் ஏதும் தடை உண்டா? அப்புறம், இந்த வருடம் பாத்தியை எங்கே மாற்றுவது? போன வருடம் வடக்குக் கால்வாசியில் போட்டோம். கிழக்கில் உருளை, தெற்கில் பூசணி, மேற்கில் பீன்ஸும் அவரையும்.

வலிகாமத்தான் | ஹாரோ | 12 ஜனவரி

1922 ஆம் ஆண்டுச் சட்டப்படி அலாட்மென்ட் என்பது பெரும்பாலும் துண்டுக்காரரும் குடும்பமும் சாப்பிடுவதற்கான நிலம். வியாபாரமாகச் செய்யத்தான் தடை, மிஞ்சியதைக் கொடுப்பதற்கு இல்லை. விற்பது பற்றி ஒவ்வொரு இடத்து ஒப்பந்தத்திலும் தனி வரி இருக்கும், அதை வாசித்துவிடுங்கள்.

பாத்தியை மேற்குக்கு மாற்றுங்கள், பீன்ஸ் நின்ற இடம் வெங்காயத்துக்கு நல்லது. புது எரு போடாதீர்கள், மண் புளித்திருந்தால் இப்போதே சுண்ணாம்பு தூவலாம். பக்கத்துத் துண்டுக்காரருக்கு ‘ஸ்டூரான்’ சொல்லுங்கள், ஜூன் மாதக் கரைசலை நிறுத்தச் சொல்லுங்கள். முள்கரண்டியை மட்டும் இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளாதீர்கள், மாற்றினால் கழுவிவிட்டு மாற்றுங்கள்.